சுகர் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான்

கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் பேச்சு சுகரில் வந்து நின்றுவிடும். "உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" "வெறும் வயித்துல நூத்தி நாப்பது. சாப்பிட்டப்புறம் எரநூத்திப் பத்து." எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளையா நீட்டமா ஒண்ணு, சின்னதா பச்சைக் கலர்ல ஒண்ணு" என்றுதான் பதில் வரும்.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்விக்காக. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை. பெரியண்ணன் இன்சுலின் போடுகிறார். எனக்கும் வந்தாயிற்று. நான் மருத்துவர் இல்லை. வீட்டு மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவள், அவ்வளவுதான். அந்தப் பெட்டியோடு பழகியதில் ஒன்று உறுதியாகத் தெரிந்துகொண்டேன். சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் சமாளிக்க வேண்டுமென்றால் மீட்டரில் வரும் எண்ணைத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. நாம் விழுங்கும் மாத்திரை உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அத்தனை பேர் வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்க வேண்டும். அதைத் திறந்து பார்த்துப் பேசலாம், வாருங்கள்.

ஏறினால் வருடங்கள், இறங்கினால் நிமிடங்கள்

சர்க்கரை ஏறியே இருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எல்லாம் கெடும். அது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் வருடக்கணக்கில் நடப்பது. இறங்கினால் கதை வேறு. மூளை நிமிடத்துக்கு நிமிடம் ரத்தத்தில் வரும் குளுக்கோஸை நம்பி ஓடுகிறது. அது குறைந்தால் முதலில் உடம்பு எச்சரிக்கும்: வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் பேச்சு குழறும், கண் இருட்டும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். அதற்கும் கீழே போனால் வலிப்பு, மயக்கம்.

70-க்குக் கீழே வந்தாலே லோ சுகர் என்று எடுத்துக்கொண்டு உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே வந்தால் அது ஆபத்தான லோ. இன்னொருவர் கைகொடுத்தால்தான் மீள முடியும் என்ற நிலை வந்துவிட்டால், மீட்டரில் எண் என்னவாக இருந்தாலும் அது கடுமையான லோ.

200-ஐப் பார்த்துப் பதறுகிற வீடுகளில் 68-ஐப் பார்த்து "கண்ட்ரோல் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய பயம். மாத்திரை போடுகிறவருக்கு 68 வந்திருந்தால் அது பாராட்டுக்குரிய எண் இல்லை. இந்த நிமிடமே ஏதாவது குடிக்க வேண்டிய எண்.

எந்த மாத்திரை இறக்கிவிடும்?

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் லோ ஆக்குவதில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி சரியான இடத்தில் நிற்கும்.

மெட்ஃபார்மின் பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படுவது. கல்லீரல் தேவைக்கு அதிகமாகக் குளுக்கோஸை ரத்தத்தில் விடுவதை அது குறைக்கிறது. தனியாகப் போட்டால் லோ ஆவது அபூர்வம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் என்று 'கிளிப்டின்' என முடியும் மருந்துகள் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். அதனால் அவையும் தனியாக லோ ஆக்குவது குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அவற்றாலும் தனியாகப் பெரிய இறக்கம் வராது.

பெயரைக் குறித்துவைக்க வேண்டிய கூட்டம் வேறு: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை 250 இருந்தாலும் தூண்டும், 80 இருந்தாலும் தூண்டும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் லோ வருகிறது. விலை குறைவு, வேலை நன்றாகச் செய்யும், நம் ஊரில் கோடிக்கணக்கானோர் போடுகிறார்கள். அவை கெட்ட மருந்துகள் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டிய மருந்துகள்.

இவற்றின் வலிமைக்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத சுமார் 150 பேர் கடுமையான லோ சுகரோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். தேடிப் பார்த்தபோது, ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளிலும் மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது. "எங்க மருந்துல பக்க விளைவே கிடையாது, பத்தே நாள்ல சுகர் எறங்கும்" என்று யாராவது பெயர் தெரியாத பொடியை நீட்டினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இப்போது பெரும்பாலும் கூட்டு மாத்திரைகள்தான். ஒரே மாத்திரையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் இருக்கும். சிலவற்றில் மூன்றாவதாக வோக்லிபோஸும் இருக்கும். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகிற பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையும் அதே வீட்டில் இருக்கும். ஒன்று உறையில், ஒன்று அட்டையில். நிறம் வேறு, வடிவம் வேறு. உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் போட்டால் இரட்டை அளவு. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

லோ ஆகிவிட்டால்

உலகம் முழுக்கச் சொல்லித்தரும் முறை எளிமையானது: 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி பரிசோதனை. இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம்.

15 கிராம் என்பது நம் வீட்டுக் கணக்கில் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை. தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். குளுக்கோஸ் பொடி என்றால் இன்னும் நல்லது. பழச்சாறோ சாதாரண குளிர்பானமோ அரை டம்ளர் போதும். 'டயட்' என்று போட்ட பானத்தில் சர்க்கரையே இல்லை, அது உதவாது. சாக்லெட், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் இனிப்புதான். ஆனால் அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் நமக்கு வேகம்தான் வேண்டும்.

வோக்லிபோஸோ அகார்போஸோ சேர்ந்த மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையைத்தான் இந்த மருந்துகள் தடுக்கின்றன. அதனால் லோ ஆகும்போது சர்க்கரைத் தண்ணீர் குடித்தாலும் சீக்கிரம் ஏறாது. அவர்களுக்கு நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும். வாசனையும் நிறமும் சேர்க்காத குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வீட்டில் நிரந்தரமாக இருக்கட்டும். சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பையிலும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 15 நிமிடம் காத்திருப்பதுதான் கஷ்டம். பசி வயிற்றைப் பிடுங்கும், கண்ணில் பட்டதையெல்லாம் தின்னத் தோன்றும். தின்றால் ஒரு மணி நேரத்தில் 280-இல் போய் நிற்கும். அதைப் பார்த்து அடுத்த வேளை மாத்திரையைக் கூட்டிப் போட்டால் மறுபடி இறங்கும். சர்க்கரை ஏறி இறங்கி அலைக்கழிக்கும் பல வீடுகளில் நடப்பது இதுதான். 70-ஐத் தாண்டி ஏறியதும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தேனும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் குளுக்கோஸை நேரடியாக நரம்பில் ஏற்றுவார்கள். குறிப்பாகக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் வந்த லோ என்றால், கண் திறந்துவிட்டார், பேசுகிறார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி மறுபடி இறங்கலாம். ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அது தேவையான நாள்.

சத்தமில்லாமல் வரும் லோ

வயதானவர்களுக்கு லோ பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. எங்கள் அம்மாவுக்குச் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் முகம் ஒரு மாதிரி ஆகும். "என்னம்மா பண்ணுது?" என்றால் "ஒண்ணுமில்லடி, வெயிலு" என்பார். மதுரை வெயிலின் மேல் எந்தப் பழியையும் போடலாம். மீட்டரை வைத்துப் பார்த்தால் 62. அன்றைக்கு மத்தியானம் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து களைப்பில் அரைச் சாப்பாடுதான் சாப்பிட்டிருந்தார். மாத்திரை மட்டும் முழுதாக உள்ளே போயிருந்தது.

வயதானவர் திடீரென்று தடுமாறினால், பெயர் மாற்றிக் கூப்பிட்டால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், விழுந்துவிட்டால் முதலில் சுகர் பாருங்கள். "வயசாயிடுச்சு, மறதி" என்று ஒதுக்காதீர்கள். பக்கவாதம் போலவே தோன்றும் லோவும் உண்டு. அதனால் சுகர் பார்த்தபடியே மருத்துவமனைக்கும் கிளம்புங்கள்.

ராத்திரி வரும் லோ இன்னும் மறைவானது. விடியற்காலையில் தலைவலியோடு எழுவது, தலையணை நனையும் அளவுக்கு வேர்த்திருப்பது, கெட்ட கனவு, தூக்கத்தில் புலம்பல் என்றெல்லாம் தெரிந்தால், ஒன்றிரண்டு நாள் அலாரம் வைத்து 2 மணி, 3 மணிக்குப் பாருங்கள்.

சிலருக்கு அடிக்கடி லோ ஆகி ஆகி, உடம்பு எச்சரிக்கை கொடுப்பதையே நிறுத்திவிடும். நடுக்கமும் படபடப்பும் இல்லாமல் நேரே மயக்கத்துக்குப் போவார்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டினோலால், மெட்டோபிரோலால், புரோப்ரனோலால் போன்ற மருந்துகளும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வையை மட்டும் அவை மறைக்காது. இவற்றைப் போடுகிறவர்கள் வேர்த்தாலே மீட்டரை எடுக்க வேண்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த சுகர் திடீரென்று அடிக்கடி இறங்க ஆரம்பித்தால் "ஆகா, நோய் குணமாகுது" என்று நினைக்கத் தோன்றும். சிறுநீரகம் பழுதானாலும் அப்படி நடக்கும். மருந்தும் இன்சுலினும் வெளியேறாமல் உடம்பில் அதிக நேரம் தங்குவதுதான் காரணம். அப்போது கிரியாட்டினின் பரிசோதனை வேண்டும். மதுவும் இறக்கும். கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை அது தடுப்பதால், ராத்திரி சாப்பிடாமல் குடித்தவருக்கு விடியற்காலையில் லோ வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் "போதையில கெடக்குறான்" என்று விட்டுவிடுவதுதான் கொடுமை. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் சிலருக்குச் சர்க்கரையை இறக்கும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018-இல் இதற்கான எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கும்போது சர்க்கரை இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டு வாங்காமல் மருத்துவரைப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

ஏறிவிட்டால்

மீட்டரில் 290. முதல் வேலை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பது. மாம்பழம் நறுக்கிய விரலில் சொட்டு ரத்தம் எடுத்தால் பழச் சர்க்கரையும் சேர்ந்து எண் எங்கோ போய்விடும். ஸ்ட்ரிப் டப்பா திறந்தே கிடந்ததா, வெயிலில் நின்ற வண்டிப் பெட்டிக்குள் இருந்ததா என்றும் பாருங்கள்.

எண் உண்மைதான் என்றால் அடுத்த கேள்வி: ஏன்? மாத்திரை விட்டுப்போயிருக்கலாம். காய்ச்சல், பல் வலி, காலில் புண், சிறுநீர்த் தொற்று எதுவும் சர்க்கரையை ஏற்றும். தூக்கமின்மையும் கவலையும் ஏற்றும். ஆஸ்துமாவுக்கோ அலர்ஜிக்கோ பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு போட்டிருந்தால் நிச்சயம் ஏறும். காலையில் போட்ட ஸ்டீராய்டு பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வேலையைக் காட்டும், வெறும் வயிற்று எண் ஒழுங்காகவே இருக்கும். மூட்டு வலிக்கு முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசிகூடச் சில நாளைக்கு ஏற்றிவிடும். உணவில் எனக்குப் பெரிதாகப் படுவது கஞ்சிதான். நல்லது என்று நினைத்துக் குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சி, மாவாக்கிக் காய்ச்சியதால் மளமளவென்று ஏறும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நம் மனத்துக்குத்தான் வேறு, ரத்தத்துக்குச் சர்க்கரைதான்.

விடியற்காலை ஏற்றம் பலரைக் குழப்பும். "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலைல எப்படி 170?" விடியும் முன் உடம்பு நம்மை எழுப்பத் தயாராகும்போது கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும், கல்லீரல் குளுக்கோஸை அவிழ்த்துவிடும். சாப்பிடாமலே ஏறுவது அதனால்தான். தவறு உங்கள் சப்பாத்தியில் இல்லாமல் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து நீங்களாகவே ராத்திரி மருந்தைக் கூட்டினால் நடுநிசியில் லோ வரும் அபாயம் உண்டு.

ஆகவே ஏறிய எண்ணுக்காக மாத்திரையை நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் பொறுமையிழந்து மறுபடி ஊசி போடுவதும் அதே ஆபத்துதான். முதல் ஊசியே இன்னும் வேலை செய்து முடித்திருக்காது. இரண்டும் சேர்ந்து மொத்தமாக இறக்கும். தண்ணீர் குடியுங்கள், நடக்க முடிந்தால் மெதுவாக நடங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சில அறிகுறிகளுக்கு ஃபோனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 300-க்கு மேல் இறங்காமலே நிற்பது, வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வேகவேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாசனை, வாய் வறண்டு அரைமயக்கமாகக் கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி பேதி வந்தாலும், சாப்பிட முடியாமல் படுத்தாலும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பாகவே நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது. காய்ச்சல் நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

ஊசி போடுகிற வீட்டுக்கு

இன்சுலின் மேல் பழி நிறைய. "ஊசிக்குப் போயிட்டா அவ்வளவுதான்" என்பார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் அவனைப் போன்ற டைப் 1 பிள்ளைகளுக்குச் சாவுதான் முடிவு. உயிர் காக்கிற அந்த மருந்தைக் கவனமாகக் கையாள வேண்டும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது சிரிஞ்சு. நம் ஊரில் புட்டியில் வரும் ஹியூமன் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிரிஞ்சை வாங்கிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது, நேரம். சாதாரண ரெகுலர் இன்சுலினும், அது கலந்த 30/70 வகையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுபவை. புது வகை வேக இன்சுலினைச் சாப்பிட உட்காரும் நேரத்தில் போடலாம். கல்யாணத்துக்குப் போனால் பந்தி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டு மண்டபத்தில் வரிசையில் நிற்காதீர்கள். இலை முன்னால் உட்கார்ந்தது உறுதியான பிறகு எப்படிப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். பெரியண்ணன் அப்படித்தான் செய்கிறார்.

மூன்றாவது, இடம். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைவு என்று பலரும் அங்கேயே போடுவார்கள். நாளடைவில் கொழுப்புக் கட்டி மாதிரி தடித்துவிடும். அங்கே போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சர்க்கரை காரணமில்லாமல் தாண்டவமாடினால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் இடத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நல்ல தோலில் அதே அளவு கூடுதலாக வேலை செய்து லோ ஆக்கலாம்.

இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் வீண். வெயில் படும் ஜன்னலோரமும் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் தண்ணீர் விட்டு, அதற்குள் நனையாமல் வைப்பது இன்றைக்கும் நல்ல வழிதான். பெரும்பாலான புட்டிகள் திறந்து நான்கு வாரம் வரைதான். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

விரதம், நோன்பு, கிரிவலம்

சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ, இருப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். "இருக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பார்கள். முன்கூட்டியே போய்க் கேட்டால் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள். நோன்பில் சஹர் நேரத்துக்கு எந்த மருந்து, இஃப்தாருக்கு எந்த மருந்து என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது உலக அளவிலான மருத்துவ வழிகாட்டல். விரல் நுனியில் ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடையின் விளைவு நடந்து முடித்ததோடு நிற்காது, அடுத்த நாள் வரை சர்க்கரை இறங்கக்கூடும். கிளம்பும் முன் பாருங்கள், இடையில் பாருங்கள், படுக்கும் முன் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஏறியதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள். ஓட்டும்போது ஒரு மாதிரி இருந்தால் ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு இருந்தால் நல்லது?

பொதுவாகச் சொல்லும் அளவு: வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள், மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குள். ஆனால் இது எல்லாருக்குமான சட்டம் இல்லை. 2008-இல் முடிவு வெளியான அமெரிக்காவின் அக்கார்டு ஆய்வில், இதய நோய் அபாயம் உள்ள டைப் 2 நோயாளிகளுக்குச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைத் தீவிரமாக்கினார்கள். அந்தக் குழுவில் 257 பேர் இறந்தார்கள், சாதாரணச் சிகிச்சைக் குழுவில் 203 பேர். அந்தத் தீவிரச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு, தள்ளாத வயதில் பல நோய்களோடு இருப்பவர்களுக்கு 8 வரை இருந்தாலும் போதும் என்று வழிகாட்டல்கள் தளர்ந்தன. 80 வயது அம்மாவை 6.2-க்குக் கொண்டுவர ஆசைப்படுகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மாதச் சராசரியும் முழுக் கதையைச் சொல்லாது. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154. ஒருவருக்கு நாளெல்லாம் 150-ஐ ஒட்டியே இருந்தாலும் அதே எண் வரும், 60-க்கும் 250-க்கும் நடுவே அலைந்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். இரண்டு பேர் உடம்பும் படும் பாடு ஒன்றா? கையில் ஒட்டும் சென்சார் அந்த அலைச்சலைக் காட்டும். வசதியில்லாதவர்கள் ஒரு நோட்டும் ஸ்ட்ரிப்பும் வைத்து வெவ்வேறு வேளைகளில் பார்த்து எழுதினாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டோம், எப்போது மாத்திரை என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். மீட்டரிலும் 15 சதவீதம் வரை வித்தியாசத்தைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. அதனால் 118-க்கும் 126-க்கும் சண்டை போட வேண்டாம்.

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கிற வீடுகள் இப்போது நிறைய. ஃபோன் பேசும்போது "சுகர் எவ்வளவும்மா?" என்று கேட்கிறீர்கள், நல்லது. அதோடு "மாத்திரை போட்டுட்டுச் சாப்பிட்டியாம்மா?" என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் லோ என்றால் என்ன செய்வது என்று சொல்லிவையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இந்த நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் மருந்துகளில் எது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக் கூடியது? ஒரு வேளை சாப்பிட முடியாவிட்டால் அந்த மருந்தை என்ன செய்வது? காய்ச்சல், வாந்தி வந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? என் வயதுக்கும் என் உடம்புக்கும் எந்த அளவு போதும்? கூட்டத்தில் அவசரமாக இருந்தாலும் இந்த நான்குக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. வாங்கிய பதிலைத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, வீட்டில் எல்லாரையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.